வெளிச்சவீட்டடித் தேநீர்க் கடையும் கப்பல்காரர்களின் ஞாயிற்றுக்கிழமையும்

மட்டக்களப்பு நகரிலிருந்து பார் வீதி வழியே பாலமீன்மடுவை நோக்கிச் செல்பவர்கள், 1913ஆம் ஆண்டு கட்டப்பட்ட வெளிச்சவீட்டை அடைவதற்குச் சற்று முன்னர், தகரக் கூரையும் அரைச்சுவரும் கொண்ட சிறிய தேநீர்க் கடையொன்றைக் காணலாம். கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. 'கப்பல்காரர் கூடுகிற கடை' என்று சொன்னால் முச்சக்கரவண்டிக்காரர்கள் வேறெதுவும் கேட்காமல் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அங்கே மூன்று முதியவர்கள், சில நாட்களில் நான்கைந்து பேர், தாம் கடலில் கழித்த காலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்; வருகிறவர்கள் தேநீர் வாங்கிக்கொண்டு அமர்ந்து கேட்கலாம். அதற்கெனக் கட்டணம் எதுவும் இல்லை. ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து போய்வந்த பின்னரே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். முதல் நாளே எழுதியிருந்தால் வடையைப் பற்றியும் தேநீரைப் பற்றியும் எழுதி முடித்திருப்பேன். அந்தக் கடையின் அருமை ஒரே நாளில் பிடிபடுவதில்லை.

நான் அங்கு போகத் தொடங்கியதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. என் தாய்மாமன் இருபத்திரண்டு ஆண்டுகள் கப்பலில் வேலை செய்தவர். விடுமுறையில் வரும்போது வாசனைச் சவர்க்காரமும் டொஃபியும் கொண்டுவருவார். ஒருமுறை யப்பான் வானொலிப்பெட்டியொன்றும் கொண்டுவந்தார். அவர் அங்கே என்ன வேலை செய்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், எப்போது உறங்கினார் என்று வீட்டில் எவரும் கேட்டதில்லை, அவராகவும் சொன்னதில்லை. அவர் இறந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. அவரிடம் கேட்காமல் விட்டவற்றை மற்றவர்களிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் அந்தக் கடையின் படியில் ஏறினேன்.

கடையை நடத்துபவர் ஒரு பண்டாரியின் மகள். தெற்காசியக் கப்பலாளர்கள் வேலை செய்த கப்பல்களில் தளப் பணியாளர்களின் தலைவரைச் சராங்கு என்றும், சுக்கான் பிடிப்பவரைச் சுக்கானி என்றும், சமையற்காரரைப் பண்டாரி என்றும் அழைப்பது வழக்கம். அந்தப் பெயர்கள் இந்தக் கடையில் இன்றும் புழங்குகின்றன. தகப்பனாரின் இறப்புக்குத் துக்கம் விசாரிக்க வந்த பழைய கூட்டாளிகள் முப்பத்தோராம் நாள் கடந்த பின்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோனதாகவும், வீட்டு விறாந்தையில் இடம் போதாமற்போகவே கடையின் கிழக்குப் பக்கத்தை அவர்களுக்கென ஒதுக்கியதாகவும் அவர் சொன்னார். முதியவர்களை அவர் 'மாமா' என்றும், மூவரில் மூத்தவரைப் 'பெரியப்பா' என்றும் அழைக்கிறார். அவர்களுக்கு அவர் 'மகள்'. கடையில் தொலைக்காட்சி இல்லை, பாட்டும் போடுவதில்லை. இந்த ஒன்றுக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனெனில் எண்பது வயது மனிதரின் குரல் எந்தச் சத்தத்துக்கும் மேலே எழும்பாது.

உணவைப் பற்றிச் சொல்கிறேன். உழுந்து வடை சாதாரணம்; மீன் ரோல்ஸ் நகரத்துக் கடைகளில் இதைவிட நன்றாகக் கிடைக்கும். ஆனால் ஞாயிறு மாலையில் மட்டும் செய்கிற ஒன்று இருக்கிறது: அச்சுப் பாணும், தடிப்பாகக் கடைந்த பருப்பும், கருவாட்டுப் பிரட்டலும். இதைத் தகப்பனாரின் முறைப்படியே செய்வதாக அவர் சொல்கிறார். கருவாட்டை முதலில் வெந்நீரில் போட்டு உப்பை எடுத்துவிட்டு, வெங்காயமும் செத்தல் மிளகாயும் வதங்கிய பின்பே சேர்த்து, கடைசியில் புளியைத் தெளிக்கிறார். கடலில் எப்போதும் புதிய மீன் கிடைக்கும் என்று நாங்கள் கரையில் நினைத்துக்கொள்கிறோம். பெரும் சரக்குக் கப்பல் வலை வீசுவதில்லை என்பதையும், நீண்ட பயணத்தின் கடைசி நாட்களில் பருப்பும் கருவாடும் உருளைக்கிழங்குமே மிஞ்சியிருக்கும் என்பதையும் அந்தப் பிரட்டலைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டு அறிந்தேன். கடல் கொந்தளிக்கும்போது பானையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் நீர் வைப்பதில்லை என்பதும், அடுப்பைச் சுற்றி இரும்புக் கம்பி மாட்டிப் பானைகள் சரியாமல் தடுப்பார்கள் என்பதும், தட்டுகள் வழுக்காமலிருக்க மேசை விரிப்பை நனைத்துப் போடுவார்கள் என்பதும் அப்போது தெரிந்துகொண்டவை. பாணும் பருப்பும் பிரட்டலும் சேர்ந்து 300 ரூபாய். இருவர் பகிர்ந்துகொள்ளப் போதும். பால் சேர்க்காத பிளேன்ரீ 60 ரூபாய். இஞ்சி தட்டிப் போட்டுக் கேட்டால் அதே விலைக்குத் தருகிறார்கள்.

மேசைகளைக் கவனிக்காமல் எழுந்து போய்விடாதீர்கள். ஒவ்வொரு மேசையின் விளிம்பிலும் ஓர் அங்குல உயரத்துக்குச் சட்டம் அடிக்கப்பட்டிருக்கிறது. கப்பலில் கிண்ணங்கள் உருண்டு விழாதிருக்கச் செய்யும் ஏற்பாடு அது. இவற்றைச் செய்தவர் அங்கே வரும் முதியவர்களில் ஒருவரான, ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் சமூகத்துப் பெரியவர். மட்டக்களப்புப் பறங்கியர்கள் தச்சு வேலைக்குப் பெயர்பெற்றவர்கள் என்பது ஊரறிந்த விடயம்; இவர் அந்தக் கைத்தொழிலைக் கடலுக்குக் கொண்டுபோனவர், சரக்குக் கப்பல்களில் கப்பல் தச்சராகப் பணியாற்றியவர். மரக் கப்பல்களின் காலம் முடிந்த பிறகு இரும்புக் கப்பலில் தச்சருக்கு என்ன வேலை என்று நான் கேட்டேன். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் பதில் சொன்னார். ஒவ்வொரு நாள் காலையிலும் கப்பலின் தொட்டிகளிலும் அடிப்பள்ளங்களிலும் எவ்வளவு நீர் நிற்கிறது என்று அளந்து எழுதுவது தச்சரின் கடமை. அளவுக்கோலில் வெண்கட்டியைப் பூசி, குழாயின் வழியே கயிற்றில் இறக்கி எடுத்தால், வெண்கட்டி நனைந்து நிறம் மாறிய இடம் நீரின் உயரத்தைக் காட்டும். நேற்றைய அளவைவிட இரண்டு அங்குலம் கூடியிருந்தால் கப்பலில் எங்கேயோ நீர் புகுகிறது என்று பொருள். அதை முதலில் அறிகிறவர் கப்டன் அல்லர், தச்சர்தான். நங்கூரம் இறக்கும்போதும் ஏற்றும்போதும் கப்பலின் முன்பகுதியான அணியத்தில் நின்று சங்கிலிச் சுற்றியை இயக்குபவரும் அவரே. பத்தொன்பது ஆண்டுகளும் காலை எழுந்தவுடன் செய்த முதல் வேலை அளவுக்கோலைத் துடைத்துக் காயவைத்தது என்றும், ஊருக்குத் திரும்பி வந்த முதல் வாரம் வீட்டுக் கிணற்றை அளந்ததாகவும் அவர் சொன்னபோது, அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோலைத் துடைக்கிற அசைவு அந்தக் கைகளில் இன்னும் இருக்கிறது.

அங்கே கேட்டவற்றில் என்னை உறங்கவிடாமற் செய்தது சுக்கானியின் பேச்சு. மூவரில் மூத்தவர் இல்லையென்றாலும், அதிகம் தயங்கிப் பேசுபவர் அவரே. 1970ஆம் ஆண்டு முதல் வணிகக் கப்பல்களில் சுக்கான் பிடித்தவர். சுக்கானிக்கு வோச் எனப்படும் நான்கு மணி நேரக் காவல் முறையில் இரண்டு மணி நேரம் சக்கரத்திலும் மிச்ச நேரம் கண்காணிப்பிலும் கழியும். அதிகாரி ஒரு திசையைச் சொன்னால் அதை உரத்த குரலில் திருப்பிச் சொல்லிவிட்டே சக்கரத்தைத் திருப்ப வேண்டும், திருப்பி முடித்ததும் மறுபடி சொல்ல வேண்டும். காற்றின் இரைச்சலில் ஒரு சொல் தவறிக் கேட்டால் கப்பல் தவறிப்போகும். கடைக்காரப் பெண்மணியும் அவருடைய உதவியாளரான இளைஞரும் இந்த வழக்கத்தை அவரிடமிருந்து பழகிக்கொண்டிருக்கிறார்கள். 'இரண்டு பிளேன்ரீ, ஒன்றுக்குச் சீனி இல்லை' என்று நீங்கள் சொன்னால் அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். ஒன்பது வாரங்களில் ஒருமுறைகூட எனக்குத் தவறான தேநீர் வந்ததில்லை.

1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவருடைய கப்பல் இரங்கூனிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு வந்துகொண்டிருந்தது. வங்காள விரிகுடாவில் இருந்தபோது, காற்று வலுப்பதற்கு முன்பே தென்மேற்கிலிருந்து நீண்ட, கனத்த அலைகள் வரத் தொடங்கியிருக்கின்றன. வெப்பமண்டலக் கடலில் காற்றழுத்தத்தை அளக்கும் பாரமானி நாளுக்கு இருமுறை சற்றே ஏறி இறங்குவது இயல்பு. ஆனால் அந்தப் பருவத்துக்குரிய சராசரியைவிட மூன்று மில்லிபார் குறைந்தால் விழித்துக்கொள்ள வேண்டும்; ஐந்து மில்லிபார் குறைந்தால் அருகில் புயல் இருப்பது ஏறக்குறைய உறுதி. அன்று அது ஐந்தையும் தாண்டி இறங்கியது. வடவரைக்கோளத்தில் காற்று வரும் திசைக்கு முகம் கொடுத்து நின்றால் புயலின் மையம் வலக்கைப் பக்கத்தில், சற்றுப் பின்வாங்கி இருக்கும். சுக்கானி இதைச் சொல்லும்போது எழுந்து நின்று, அரைச்சுவருக்கு அப்பால் முகத்தை வைத்து, வலக்கையை நீட்டிக் காட்டினார். அந்தக் கணக்கைக் கொண்டுதான் கப்டன் வேகத்தைக் குறைத்து, புயல் மேற்கு நோக்கிக் கடந்துபோக வழிவிட்டு, கப்பலைப் பின்னால் நிறுத்தினார்.

சக்கரத்திலிருந்து மாற்றி விடப்பட்டு வரைபட அறையின் வழியே போனபோது, இரண்டாம் அதிகாரி புயலின் மையத்தைப் பென்சிலால் குறித்து, அது போகும் பாதையை நீட்டி வைத்திருந்ததைச் சுக்கானி பார்த்திருக்கிறார். அந்தப் பென்சிற் கோடு வாழைச்சேனைக்கும் கல்முனைக்கும் நடுவே நிலத்தைத் தொட்டது. அவருடைய மனைவியும் ஆறு மாதக் குழந்தையும் அதே கரையில், மட்டக்களப்பை அடுத்த கல்லடியில் இருந்தார்கள்.

"நாங்க விலத்தி விட்ட காத்து எங்கட வீட்டுக்குப் போகுது, மகன்," என்றார். இதைச் சொல்லிவிட்டு அவர் வெகுநேரம் பேசவில்லை. எவரும் பேசச் சொல்லிக் கேட்கவும் இல்லை. கடைக்காரப் பெண்மணி புதிதாக ஒரு பிளேன்ரீயைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

அவர் என்ன செய்திருக்க முடியும்? மறுபடி முறை வந்தபோது சக்கரத்துக்குப் போனார். கொடுத்த திசையைத் திருப்பிச் சொன்னார். அந்த இரண்டு மணி நேரமும் திசைகாட்டியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்றார். நவம்பர் 23ஆம் திகதி புயல் மட்டக்களப்பைத் தாக்கியது. கொழும்பில் இறங்கிப் பொலன்னறுவை வரை கிடைத்த லொறிகளிலும், அதற்குப் பிறகு பெரும்பகுதி நடந்தும், விழுந்து கிடந்த மரங்களைக் கடந்தும் அவர் வந்து சேர்ந்தபோது, வீட்டின் இடத்தில் அடித்தளமும் ஒரு சுவரும் நின்றன. மனைவியையும் குழந்தையையும் பாடசாலைக் கட்டடமொன்றில் கண்டார்.

அந்த இரவில் எனக்கு எட்டு வயது. எங்கள் கூரை போன பின் அம்மா எங்களை நெல் மூட்டைகளின் நடுவே படுக்கவைத்து, தன் உடம்பால் மறைத்துக்கொண்டிருந்தார். விடிந்து பார்த்தபோது தென்னைகள் அனைத்தும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அந்தக் காற்றைப் பற்றி எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன். அதைக் கடலின் பக்கமிருந்து பார்த்த ஒருவரை, அது எங்கே போகிறது என்று தெரிந்தும் சக்கரத்தை விட முடியாமல் நின்ற ஒருவரை, அதற்கு முன் சந்தித்ததில்லை.

மூன்றாமவர்தான் மூத்தவர், கடற்படையில் சமிக்ஞையாளராக இருந்தவர். கடற்படை என்ற சொல் எங்கள் கரையோரக் குடும்பங்களில் ஒரேவிதமான நினைவுகளை எழுப்புவதில்லை. போர்க்காலத்தில் கடலுக்குப் போக அனுமதிச் சீட்டுக்கு வரிசையில் நின்ற தகப்பன்மாரின் பிள்ளைகளும் இந்தக் கடைக்கு வருகிறார்கள். நானும் முதல் நாள் சற்று ஒதுங்கியே அமர்ந்தேன். இவர் சேர்ந்தது 1963இல், அது றோயல் சிலோன் நேவி என்று அழைக்கப்பட்ட காலம். 1972இல் நாடு குடியரசானபோது பெயர் மாறியது. 1975இல் இவர் பன்னிரண்டு ஆண்டுச் சேவையை முடித்து வெளியேறினார். இவர் சேர்ந்தபோது தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர். 1960 முதல் 1970 வரை அந்தப் பதவியில் ஒரு தமிழர் இருந்தார் என்பது இன்றைய இளைஞர் பலருக்குச் செய்தியாகவே இருக்கிறது. பின்னாளில் நடந்தவற்றைப் பற்றி எவராவது கேட்டால், அப்போது தான் அங்கே இல்லை என்று மட்டும் சொல்லி, கேட்டவர் தம் குடும்பத்தில் நடந்ததைச் சொல்ல விரும்பினால் அதைக் குறுக்கிடாமல் கேட்கிறார். ஒரு மாலை முழுவதும் அப்படிக் கழிந்தது. அவருக்கு நான் கொடுக்கும் மதிப்பு அந்த மாலையிலிருந்து தொடங்குகிறது.

அவருடைய தொழில் வெளிச்சத்தோடும் கொடிகளோடும் கழிந்தது. கடையின் உட்சுவரில் சர்வதேசச் சமிக்ஞைக் கொடிகளை அவர் முன்னின்று வரைவித்திருக்கிறார். நீல நிறத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் இருந்தால் கப்பல் புறப்படப் போகிறது, எல்லோரும் ஏற வேண்டும். தனி மஞ்சள், கப்பலில் நோயில்லை, துறைமுகத்தில் இறங்க அனுமதி வேண்டும். கொடியின் குறுக்கே மூலைவிட்டமாகச் சிவப்பும் மஞ்சளும் பிரிந்திருந்தால் ஒருவர் கடலில் விழுந்துவிட்டார். வழிகாட்டி மாலுமி கப்பலில் இருப்பதைக் குறிக்கும் கொடியில் கம்பத்தின் பக்கம் வெள்ளையும் வெளிப்பக்கம் சிவப்பும் வர வேண்டும். ஓவியர் அதை மாற்றி வரைந்துவிட்டார் என்பதற்காக முழுக் கொடியையும் சுரண்டி மறுபடி வரையச் செய்திருக்கிறார். பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்தச் சுவரின் முன்னால் அவர்களை விட்டுவிட்டால் போதும். அவரே எழுந்து வருவார்.

இரவில் கடந்து செல்லும் கப்பல்களோடு விளக்கால் பேசுவதைப் பற்றி அவர் சொன்னதை நான் குறித்து வைத்திருக்கிறேன். முதற் கேள்வி எப்போதும் ஒன்றேதான்: என்ன கப்பல், எங்கே பயணம்? கடற்படைக்காரரின் விளக்கு விரைவாகக் கேட்கும். வணிகக் கப்பலில் தனிச் சமிக்ஞையாளர் இல்லாததால், வோச்சில் நிற்கும் அதிகாரியே விளக்கை எடுத்து, எழுத்தெழுத்தாக, மெதுவாகப் பதில் சொல்வார். அந்த மெதுவான பதிலுக்காகக் காத்திருப்பது தனக்குப் பிடித்தமான நேரம் என்றார் அவர். இருட்டுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிடங்கள் ஆகும்; அதனால் மேல்தளத்தில் வெள்ளை வெளிச்சம் கூடாது, சிவப்பு வெளிச்சம் மட்டுமே. இப்போதும் பொழுது சாய்ந்ததும் கிழக்குப் பக்கத்து ரியூப் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, கடலில் தெரியும் மீன்பிடி வள்ளங்களின் வெளிச்சங்களை எண்ணுகிறார்.

சுக்கானிக்கும் இவருக்கும் தீராத வழக்கொன்று உண்டு. வணிகக் கப்பலில் ஒருவருக்கு நள்ளிரவு தொடக்கம் நான்கு மணி வரையான வோச் என்றால் பயணம் முழுவதும் அதுவே. பகலில் அதே மணிக்கூட்டு நேரத்தில் மறுபடி. கடற்படையில் மாலை நான்கு தொடக்கம் எட்டு வரையான பொழுதை இரண்டிரண்டு மணி நேரமாகப் பிரித்து, நாளொன்றுக்கு ஏழு வோச்சுகள் ஆக்கியிருக்கிறார்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையாவதால் ஒவ்வொருவருக்கும் முறை நாளுக்கு நாள் மாறிவிடும். எது மனிதருக்கு இலகு? உடம்பு பழகிவிடுவதால் மாறாத வோச்சே நல்லது என்கிறார் சுக்கானி. ஒரே மனிதனை மாதக்கணக்கில் நள்ளிரவில் நிறுத்துவது அநியாயம் என்கிறார் சமிக்ஞையாளர். என் தாய்மாமன் வீட்டில் விடுமுறையில் இருந்தபோது இரவு பன்னிரண்டு மணிக்கு எழுந்து முற்றத்தில் நடந்ததும், நான்கு மணிக்குத் திரும்பிப் படுத்ததும், அதை நாங்கள் உறக்கமின்மை என்று நினைத்து வைத்தியரிடம் அழைத்துப் போனதும் அந்த வழக்கைக் கேட்டபோதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் வோச்சில் நின்றிருக்கிறார்.

வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஹேர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலைப் பற்றி. அது இயல்புதான். கட்டத் தொடங்கும்போதே விமானந்தாங்கியாக வடிவமைக்கப்பட்ட உலகின் முதற் கப்பல் எங்கள் கரைக்கு எதிரே, ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. திருகோணமலை மீது தாக்குதல் வரப்போகிறது என்று அறிந்து அங்கிருந்து வெளியேறி, துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வம்பயருடன் திரும்பிக்கொண்டிருந்தபோது, 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி முற்பகல் யப்பானிய விமானங்கள் அதைக் குண்டுவீசி மூழ்கடித்தன. அன்று அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. காவலுக்கு வரவேண்டிய விமானங்கள் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். வம்பயரும் மூழ்கியது. வீட்டா என்ற மருத்துவக் கப்பல் அறுநூறு பேரளவில் கடலிலிருந்து தூக்கி எடுத்தது. சமிக்ஞையாளர் இதைச் சொல்லும்போது குண்டுகளைப் பற்றிக் குறைவாகவும், போய்ச் சேராத செய்திகளைப் பற்றி அதிகமாகவும் பேசுகிறார், தொழில் அப்படி. மீனவரான தம் தகப்பனார் அன்று நாவலடிக் கரையில் நின்று, மேகமில்லாத வானத்தில் இடி கேட்டதாகச் சொன்னதையும் சேர்த்துக்கொள்வார். கேட்கத் தகுந்த பேச்சுத்தான். ஆனால் அவர் அந்தப் போருக்குப் பின் வளர்ந்தவர். அவரைக் கண்டதும் ஹேர்மிஸ் கதையைச் சொல்லச் சொல்லி, அதைக் கைபேசியில் பதிந்துகொண்டு, அவருடைய சொந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்து போகிறவர்களை நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஹேர்மிஸைப் பற்றி அறிய வேறு வழிகள் உண்டு. வெண்கட்டி பூசிய அளவுக்கோலைப் பற்றியும், மெதுவாகப் பதில் சொன்ன விளக்கைப் பற்றியும் சொல்ல இவர்களை விட்டால் எங்கள் ஊரில் ஆளில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். வாங்குகளுக்குச் சாய்மானம் இல்லை. மூன்று மணி நேரம் இருக்கும் முதியவர்களுக்கு இது பெரிய இடர். செய்து தருவதாகத் தச்சர் சொல்லியிருக்கிறார், ஆனால் பலகை வாங்க வேண்டியவர் கடைக்காரர். வாசற்படி உயரமானது, பிடித்து ஏறக் கம்பி இல்லை. கழிப்பறைக்கு அயல் வீட்டைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஐந்து மணிக்குப் பிறகு பால்தேநீர் அளவுக்கு மேல் கொதித்துக் கசக்கிறது, பிளேன்ரீயே உத்தமம். மழை பெய்தால் தகரக் கூரையின் இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்காது, ஆகவே வடகீழ்ப் பருவமழைக் காலமான கார்த்திகை, மார்கழி மாதங்களில் போவதால் பயனில்லை; தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் புழுக்கம் உண்டு, ஆனால் பேச்சு தெளிவாகக் கேட்கும். இவை அனைத்தையும்விடப் பெரிய குறை, அங்கே பேசப்படுவதை எவரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை என்பது. கடைக்காரப் பெண்மணிக்கு நேரமில்லை. சென்ற மாதம் முதல் நான் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டி, பிழைகளைத் திருத்திய பிறகே மூடி வைக்கிறேன். வேகமாக எழுதத் தெரிந்த இளையவர் ஒருவர் சேர்ந்துகொண்டால் நல்லது.

போக விரும்புபவர்களுக்குச் சில விவரங்கள். பேச்சு நாலு மணியளவில் தொடங்கி இருட்டும்வரை நடக்கும். பன்னிரண்டு பேருக்கே இடமுண்டு. நகரிலிருந்து வரும் பேருந்து அடிக்கடி கிடைப்பதில்லை, முச்சக்கரவண்டியே வசதி. பதிவு செய்ய விரும்பினால் முதலில் அனுமதி கேளுங்கள். சுக்கானி மறுப்பார், அதற்காக வற்புறுத்த வேண்டாம். அவர் தம்முடைய சி.டி.சி. புத்தகத்தைச் சில நாட்களில் கொண்டுவருவார். எந்தக் கப்பலில் எந்தத் துறைமுகத்தில் ஏறினார், எங்கே இறங்கினார், நடத்தை எப்படி என்று ஒவ்வொரு பயணத்துக்கும் முத்திரை குத்தப்பட்ட புத்தகம் அது. எண்ணெய்க் கையோடு தொடாதீர்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கேட்டால் அவரே பக்கங்களைப் புரட்டிக் காட்டுவார்.

சென்ற ஞாயிறு அவர் புரட்டிய பக்கத்தில் 1974ஆம் ஆண்டு முத்திரையொன்று இருந்தது. சுயஸ் கால்வாய் 1967 தொடக்கம் 1975 வரை மூடப்பட்டுக் கிடந்ததால், ஐரோப்பாவுக்குப் போன கப்பல்கள் ஆபிரிக்காவை முழுவதுமாகச் சுற்றிக்கொண்டு போன காலம் அது. நன்னம்பிக்கை முனையில் பதினொரு நாட்கள் என்ன நடந்தது என்பதை வருகிற ஞாயிறு சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் மூன்றரை மணிக்கே போய், அரைச்சுவரின் ஓரத்து வாங்கில் இடம் பிடித்து வைத்திருப்பேன்.